பெர்சிமன்: துவர்ப்பு போகணும், பழமும் கெட்டியா இருக்கணும். முடியுமா?

#1 கோத்தகிரி தோட்டம் | 9 ஆகஸ்ட், இரவு 9.40

தேயிலைத் தோட்ட ஓரத்துல பழைய பெர்சிமன் மரங்கள் இருக்கு. காய் நீளவாட்டு, நுனி கூம்பி இருக்கும். நல்லா ஆரஞ்சு நிறம் வந்து பறிச்சாலும் வாயில வைக்க முடியாத துவர்ப்பு. எத்திரல்னு பழுக்க வைக்கிற மருந்து கலந்த தண்ணியில முக்கி வைக்கச் சொல்றாங்க. முக்கினா துவர்ப்பு போயிடுது, ஆனா மூணாம் நாள் பழம் கூழ். மேட்டுப்பாளையம் போறதுக்குள்ள பெட்டி ஒழுகுது. "துவர்ப்பு போகணும்னா இளகித்தான் ஆகணும், இந்தப் பழத்தோட குணமே அது"ன்னு வியாபாரி சொல்றார். ஆனா கோவைக் கடையில வெளிநாட்டுப் பெர்சிமன் கடிச்சுத் திங்கிற மாதிரி கெட்டியா வருது. அது வேற ரகமா, இல்ல பறிச்சப்புறம் ஏதாவது பண்றாங்களா?

#2 பழக்கிடங்கு | 10 ஆகஸ்ட், காலை 6.15

எத்திரலில் முக்கும் வரை வியாபாரி சொல்வது சரி. அந்த வழியை விட்டுவிட்டால் அவர் சொல்வது நிற்காது. துவர்ப்பு நீங்குவது ஒரு வேலை, சதை இளகுவது இன்னொரு வேலை. முதலாவதை நடத்திவிட்டு இரண்டாவதைத் தள்ளிப்போடலாம். ஸ்பெயினில் வலென்சியா பக்கம் விளையும் ரோஹோ பிரியாந்தே, இஸ்ரேலின் டிரயம்ப், இரண்டுமே மரத்தில் இருக்கும்போது கடும் துவர்ப்பு ரகங்கள். அவற்றைத்தான் கெட்டியாக, இனிப்பாக உலகம் முழுக்க விற்கிறார்கள்.

பெர்சிமன் சதையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிரம்பிய பெரிய செல்கள் உண்டு. கடித்ததும் அவை உடையும். கரையும் நிலையில் உள்ள டானின் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். நாக்கு இழுப்பது அதனால்தான். பழத்துக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் செய்தால் சதைக்குள் அசிட்டால்டிஹைடு சேரும். அது டானினை ஒன்றோடொன்று கோத்துக் கரையாத பொருளாக மாற்றிவிடும். டானின் வெளியே போவதில்லை, உள்ளேயே கிடக்கும், நாக்குக்குத் தெரியாது. இதற்குச் செல் சுவர் கரைய வேண்டியதே இல்லை.

எத்திரல் தருவது எத்திலீன். அது நேராகப் பழுக்க வைக்கும், செல் சுவரைக் கரைக்கும். இளகிய பிறகு, அந்த இளக்கத்தின் விளைவாகத்தான் துவர்ப்பு அடங்குகிறது. அதனால் அந்த வழியில் கெட்டிப் பழம் கிடைக்கவே கிடைக்காது.

சட்டமும் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதிக்கிறது. எத்திரலில் இருக்கும் எத்திஃபான், கரைசலோ பொடியோ, பழத்தில் நேரடியாகப் படக்கூடாது. வாளியில் கலந்து முக்குவது அனுமதிக்கப்பட்ட முறை அல்ல. கார்பைடு கல் முழுத் தடை.

#3 கோத்தகிரி தோட்டம் | 10 ஆகஸ்ட், மதியம் 1.05

ரொம்ப நன்றி சார். ஆக்சிஜன் இல்லாம பண்றதுன்னா எப்படி? எங்ககிட்ட 50 லிட்டர் நீல டிரம் இருக்கு, ரிங் மூடி போட்டது. அது போதுமா?

#4 பழக்கிடங்கு | 10 ஆகஸ்ட், இரவு 8.30

தாராளமாகப் போதும். பெரிய கிடங்குகளில் செய்வது இதுதான்: 20 டிகிரி வெப்பம், 90 சதவீத ஈரப்பதம், 95 சதவீதத்துக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு, 24 மணி நேரம். நன்றாக முதிர்ந்த, கடைசிப் பறிப்புக் காய்க்கு 36 மணி வரை போவார்கள், அதில் அசிட்டால்டிஹைடு சேர்வது மெதுவாக இருக்கும். உங்கள் டிரம்முக்குக் கணக்கு இப்படி வரும்.

25 கிலோ பழம் ஏறக்குறைய 25 லிட்டர் இடம் பிடிக்கும். மீதி 25 லிட்டர் காற்று. அதைத் துரத்த மூன்று மடங்கு, அதாவது 75 லிட்டர் வாயு வேண்டும். இத்தோடு நின்றால் போதாது. பழத்துக்குள் இருக்கும் நீரும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்ளும், அதற்கு இன்னொரு 20 லிட்டர் சேருங்கள். மொத்தம் 95 லிட்டர். ஒரு கிலோ டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, சுமார் 540 லிட்டர் வாயு தரும். கணக்குப்படி 180 கிராம் போதும், எடுத்துவரும் வழியிலும் மூடும் வரையிலும் கரைந்து போவதைச் சேர்த்து 250 கிராம் போடுங்கள்.

டிரம் அடியில் டிரை ஐஸைச் செய்தித்தாளில் இரண்டு மூன்று சுற்று சுற்றி வையுங்கள். அதன் மேல் கவிழ்த்த பிளாஸ்டிக் கூடை, கூடை மேல் பழம். ஐஸ் பழத்தைத் தொடக்கூடாது, தொட்ட இடம் உறைந்து பிறகு கறுக்கும். மூடியைச் சும்மா மேலே வையுங்கள், ரிங்கைப் பூட்டாதீர்கள். ஐஸ் முழுக்கக் கரையும் வரை வாயு வெளியேற வழி இருந்தே ஆக வேண்டும். பூட்டினால் டிரம் வெடிக்கும், இதில் விளையாட்டே கூடாது. ஐஸ் தீர்ந்து டிரம்மின் அடிப்பக்கம் கையால் தொட்டால் சில்லென்று இல்லாமல் ஆன பிறகு ரிங்கை இறுக்குங்கள். அந்த நேரத்திலிருந்து 24 மணி.

கோத்தகிரியில் ஆகஸ்ட் இரவு 20 டிகிரிக்குக் கீழே போகும். டிரம்மைச் சமையலறை ஓரமாக வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். காரணம் அடுத்த குறிப்பில். காற்றோட்டமான கொட்டகையில் வைத்து மேலே கம்பளி போர்த்துங்கள். 15, 16 டிகிரி இருந்தால் 36 மணி விடுங்கள்.

#5 பழக்கிடங்கு | 10 ஆகஸ்ட், இரவு 8.50

கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம். தரையோடு தங்கும். மூடிய அறை, நிலவறை, படுக்கையறை எதிலும் வேண்டாம். திறக்கும்போது குனிந்து டிரம்முக்குள் முகத்தை விடாதீர்கள். வெளியே கொண்டுவந்து சாய்த்து, கால் மணி நேரம் கழித்துப் பழத்தை எடுங்கள். டிரை ஐஸை வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்து போகும், தோல் கையுறை போடுங்கள். காரில் எடுத்து வந்தால் ஜன்னல் திறந்திருக்கட்டும். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

#6 கோவை மண்டி | 11 ஆகஸ்ட், காலை 10.20

மூடி பக்கத்துல மெழுகுவத்தி காட்டிப் பாருங்க, அணைஞ்சா டிரம் நிறைஞ்சுதுன்னு அர்த்தம். மீட்டரெல்லாம் வேண்டாம்.

#7 பழக்கிடங்கு | 11 ஆகஸ்ட், மதியம் 12.40

அண்ணா, மெழுகுவத்தியை இதற்கு நம்ப முடியாது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அது 16 பக்கம் இறங்கியதுமே சுடர் அணைந்துவிடும். அப்போது டிரம்மில் இன்னும் முக்கால்வாசி சாதாரணக் காற்றுதான். அந்த நிலையில் மூடினால் பழம் மெதுவாகத் தானே ஆக்சிஜனைத் தீர்த்துக்கொள்ளும், வேலை நடக்காமல் போகாது, ஆனால் நாள் இழுக்கும், அதற்குள் பாதிப் பழம் இளகும். இணையத்தில் விற்கும் மலிவு மீட்டர்களும் உதவாது. அவை அறைக் காற்றுக்கானவை, 5000 பிபிஎம், அதாவது அரை சதவீதத்தோடு நின்றுவிடும். கையில் மீட்டர் இல்லாவிட்டால் எடையை நம்புங்கள்: #4-ல் உள்ள கிராம் கணக்கு.

#8 ஜாம் அடுப்பு | 11 ஆகஸ்ட், மாலை 5.00

கோத்தகிரியில டிரை ஐஸுக்கு எங்க போறது? சமையல் சோடாவும் எலுமிச்சை உப்பும் போட்டா அதே வாயு வருமே?

#9 பழக்கிடங்கு | 11 ஆகஸ்ட், இரவு 9.10

வரும் அக்கா, கணக்கும் ஒத்துவரும். 95 லிட்டருக்குச் சுமார் 350 கிராம் சோடா, 270 கிராம் எலுமிச்சை உப்பு. ஒரு கேனில் சோடாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கிவைத்து, எலுமிச்சை உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் நுரை குழாய்க்குள் ஏறும். கேனிலிருந்து வரும் குழாயை டிரம்மின் அடிவரை இறக்குங்கள், மேலே ஒரு சிறு துளை. கனமான வாயு அடியிலிருந்து நிறைந்து காற்றை மேல் துளை வழியாகத் தள்ளும். இடையில் ஒரு காலி பாட்டில் வைத்தால் நுரை அதில் தங்கிவிடும்.

வெல்டிங் கடைக்கு வரும் சிலிண்டர் கிடைத்தால் இன்னும் சுலபம். கார்பன் டை ஆக்சைடு மட்டும் உள்ள சிலிண்டரா என்று கேளுங்கள், ஆர்கான் கலந்ததும் அங்கே இருக்கும். உணவுத் தரச் சிலிண்டர் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

வீட்டுத் தேவைக்கு ஐந்து பத்து கிலோதான் என்றால் இந்த ஏற்பாடே வேண்டாம், சாராயம் போதும். ஜப்பானில் 35 சதவீத ஷோச்சுவில் பழத்தின் காம்புத் தொப்பியை மட்டும் ஒரு முறை நனைத்துப் பாலிதீன் பையில் கட்டி வைப்பார்கள். இங்கே கிடைக்கும் பிராந்தி, வோட்கா 42.8 சதவீதம், அப்படியே போதும். கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி. பை காற்றுப் புகாமல் கட்டியிருக்க வேண்டும். 20 டிகிரியில் ஒரு வாரம், குளிராக இருந்தால் பத்து நாள். வாசனையும் சுவையும் வாயு முறையைவிட நன்றாக இருக்கும் என்பது என் கருத்து. ஆனால் பழம் சற்று இளகலாக வரும், வெளியூருக்கு அனுப்ப ஏற்றதல்ல. கை கழுவும் சானிடைசர், பெயின்ட் கடை ஸ்பிரிட் இரண்டும் தொடவே கூடாது. அவற்றில் மெத்தனாலோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ இருக்கும்.

வெந்நீர் முறையும் உண்டு: 40 டிகிரி நீரில் 15 முதல் 24 மணி. சூட்டை அவ்வளவு நேரம் பிடித்து வைப்பதுதான் பாடு. 30-க்கு இறங்கினால் வேலை நின்றுவிடும், 45-க்கு ஏறினால் அசிட்டால்டிஹைடை உண்டாக்கும் நொதியே செத்துப்போகும், துவர்ப்பு அப்படியே தங்கும். தெர்மாகோல் பெட்டி, மீன் தொட்டி ஹீட்டர் இருப்பவர்கள் முயலலாம்.

#10 கோத்தகிரி தோட்டம் | 16 ஆகஸ்ட், காலை 7.30

சார், குன்னூர்ல ஐஸ் கிடைச்சுது. சொன்னபடியே 250 கிராம், 24 மணி முடிச்சுத் திறந்தேன். பழம் கல்லு மாதிரி இருக்கு, அது சந்தோஷம். ஆனா துவர்ப்பு போகலையே! திரும்ப ஐஸ் போட்டு மூடிடவா?

#11 பழக்கிடங்கு | 16 ஆகஸ்ட், காலை 7.50

மூடாதீர்கள்! இப்போதே பதில் எழுதுவது அதற்காகத்தான். டிரம்மில் நடப்பது பாதி வேலை. சேர்ந்த அசிட்டால்டிஹைடு டானினைக் கோத்து முடிக்க வெளிக் காற்றில் இரண்டு மூன்று நாள் வேண்டும். பழத்தைப் பரப்பாமல் கிரேட்டில் வைத்து, மேலே பாலிதீன் மூடி, 18–20 டிகிரியில் விடுங்கள். இரண்டாம் நாள் ஒன்றை நறுக்கிப் பாருங்கள்.

பலர் கெடுப்பது இந்த இடத்தில்தான். திறந்ததும் கடித்துப் பார்த்து, போகவில்லை என்று மறுபடி வாயுவில் வைக்கிறார்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அந்த வாயுவில் கிடந்தால் சதை உள்ளே பழுப்பேறும், சாராய நெடி வரும், அப்புறம் அதைத் திருத்த வழியில்லை.

#12 பழக்கிடங்கு | 16 ஆகஸ்ட், இரவு 9.00

துவர்ப்பு போனதா என்று நாக்கால் பார்ப்பதில் ஒரு தொல்லை. மூன்றாவது பழத்துக்குப் பிறகு நாக்கு மரத்துவிடும். கிடங்குகளில் செய்யும் சோதனையைத் தோட்டத்திலும் செய்யலாம்.

ஃபெரிக் குளோரைடு வாங்குங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பிசிபி பலகை அரிக்க விற்பார்கள், சென்னை ரிச்சி தெருவில் பொடியாகவே கிடைக்கும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் 100 மில்லி தண்ணீருக்கு 5 கிராம். வடிகட்டித் தாளை அதில் நனைத்து நிழலில் உலர்த்துங்கள். பழத்தைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தைத் தாளில் சில நொடி அழுத்துங்கள். கரையும் டானின் இருக்கும் இடமெல்லாம் கருநீலமாகப் பதியும். பறித்த அன்று பழத்தின் முழு வட்டமும் கறுப்பாக விழும். வேலை முடிந்த பழத்தில் தாள் மஞ்சளாகவே நிற்கும். நடுவில் மட்டும் கறுப்பு நட்சத்திரம் விழுந்தால் வாயு மையம் வரை சரியாகப் போகவில்லை, அந்தத் தொகுதிக்கு இன்னொரு நாள் அவகாசம் கொடுங்கள். தொப்பிப் பக்கம் ஒரு வெட்டு, நுனிப் பக்கம் ஒரு வெட்டு என இரண்டு பதிவு எடுப்பது நல்லது.

சோதித்த துண்டைத் தின்னக்கூடாது. கரைசல் இரும்பையும் செம்பையும் அரிக்கும், துணியில் பட்டால் கறை போகாது.

#13 கோத்தகிரி தோட்டம் | 19 ஆகஸ்ட், மாலை 6.10

போயிடுச்சு சார்! தேங்காய்க் கீத்து மாதிரி கடிபடுது, துவர்ப்பு சுத்தமா இல்ல. வீட்டுல யாரும் நம்பல. ஆனா ஒரு சந்தேகம். ஒரே டிரம், ஒரே நாள் பறிச்சது, அதுல கொஞ்சம் பழம் மட்டும் இப்பவே இளகிடுச்சு. மத்ததெல்லாம் கெட்டி. ஏன்?

#14 பழக்கிடங்கு | 19 ஆகஸ்ட், இரவு 10.20

இளகிய பழங்களின் தொப்பியைப் பாருங்கள். நான்கு இதழில் ஒன்றிரண்டு உடைந்திருக்கும், அல்லது காம்போடு பிய்ந்து வந்திருக்கும், அல்லது காய்ந்து சுருண்டிருக்கும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

காரணம் சொல்கிறேன், இந்தப் பழத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. பெர்சிமன் தோல் தடித்த மெழுகுப் பூச்சு, அதன் வழியே காற்றும் ஈரமும் போவது குறைவு. பழம் மூச்சு விடுவது பெரும்பாலும் தொப்பி வழியாக. ஜப்பானில் டோனேவாசே என்ற முன்பருவ ரகத்தைச் சூடேற்றிய பிளாஸ்டிக் குடில்களில் வளர்த்துக் கோடையிலேயே சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். சந்தைக்குப் போனதும் திடீர் திடீரென்று இளகியது. ஒகயாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-ல் காரணத்தைக் காட்டினார்கள்: பறித்த பழம் ஈரத்தை இழக்கும்போது முதலில் தொப்பி வாடுகிறது. வாடிய தொப்பி எத்திலீன் விடுகிறது. அந்த எத்திலீன் சதைக்குள் பரவி, சதையும் சொந்தமாக எத்திலீன் உண்டாக்க ஆரம்பிக்கிறது. அதன் பிறகு நிறுத்த முடியாது. ஈரம் போகாத பெட்டியில், அல்லது துளையிட்ட பாலிதீன் உறையில் வைத்தபோது இளக்கம் பல நாள் தள்ளிப்போனது. மருந்து எதுவும் இல்லை, ஒரு பிளாஸ்டிக் உறை மட்டும்.

ஆக, பறிக்கும் நிமிடத்திலிருந்தே வேலை தொடங்குகிறது.

கையால் திருகி இழுக்காதீர்கள். கத்தரியால் காம்பைத் தொப்பிக்கு ஒட்ட வெட்டுங்கள், காம்பு நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்துப் பழத்தைக் குத்தும். மழை நின்று இலை காய்ந்த பிறகு, வெயில் ஏறும் முன் பறியுங்கள். கிரேட்டுக்குள் முதலிலேயே பாலிதீன் விரித்து, பழம் நிறைந்ததும் மேலே மடக்கி மூடுங்கள். உறையில் பென்சில் கனத்தில் சில துளைகள் போதும், ஈரம் நிற்கும், நீர் கோக்காது. இரவு முழுக்கத் தரையில் பரப்பி வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். தொப்பி அந்த இரவிலேயே வாடும். தொப்பி உடைந்த காயை அன்றே பிரித்து, அதைப் பழுக்க வைத்து ஊருக்குள்ளேயே விற்றுவிடுங்கள்.

#15 கோத்தகிரி தோட்டம் | 20 ஆகஸ்ட், காலை 8.00

பார்த்தேன். இளகினதுல ஒண்ணு விடாம தொப்பி போயிருக்கு. பறிக்கிற ஆளுங்களுக்கு இன்னைக்கே கத்தரி வாங்கிட்டேன்.

#16 கோவை மண்டி | 20 ஆகஸ்ட், காலை 11.30

இங்க வேற பிரச்சினை. அக்டோபர், நவம்பர்ல குலுவிலிருந்து தட்டைப் பழம் வரும், துவர்ப்பே இல்லாத ஃபூயூ. நல்ல கெட்டி. ஸ்டோரேஜ்ல 8 டிகிரியில வைக்கிறோம். எடுத்துக் கடைக்குப் போன ரெண்டாம் நாள் உள்ளே கண்ணாடி மாதிரி, ஜெல்லி. கடைக்காரர் திருப்பி அனுப்புறார். குளிர் பத்தலையா, அதிகமா?

#17 பழக்கிடங்கு | 20 ஆகஸ்ட், இரவு 9.45

பத்தவில்லை அண்ணா. ஃபூயூவுக்கு 5 முதல் 15 டிகிரி வரைதான் மோசமான பகுதி. அந்தக் குளிரில் சதையின் அமைப்பு உள்ளுக்குள் கெடும், வெளியே எதுவும் தெரியாது. வெளியே எடுத்துச் சூடு பட்டதும் ஜெல்லியாகும். குளிர்ச் சேதம் என்பார்கள். வாழைக்குக் குளிர் கூடக்கூட மோசம் என்பதால் எல்லோரும் அதே கணக்கில் 8, 10 என்று வைக்கிறார்கள். ஃபூயூவில் 0 டிகிரியில் இந்தச் சேதம் மிக மெதுவாகவே வரும். வைத்தால் 0 டிகிரி, 90–95 சதவீத ஈரப்பதம். உறைநிலை மைனஸ் 2 பக்கம், அதனால் குளிரூட்டி வாய்க்கு நேரே பெட்டி அடுக்காதீர்கள். 0 டிகிரி அறை இல்லையென்றால் வெளியிலேயே 20 பக்கம் வைத்துச் சீக்கிரம் விற்றுவிடுவது, 8 டிகிரியில் வைப்பதைவிட மேல். வீட்டுப் பிரிட்ஜின் காய்கறித் தட்டும் இதே 5–10 பகுதிதான்.

ஜப்பானில் ஃபூயூவை ஒவ்வொரு பழமாக 0.06 மில்லிமீட்டர் கனப் பாலிதீன் பையில் அடைத்து, 0 டிகிரியில் பிப்ரவரி, மார்ச் வரை வைக்கிறார்கள். பைக்குள் ஆக்சிஜன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு கூடிய காற்று தானே உருவாகும், ஈரமும் போகாது. கனம் முக்கியம். மளிகைக் கடைப் பை மெல்லியது, அதில் அந்தக் காற்றுக் கலவை நிற்காது. இன்னும் தடித்த பை போட்டால் சாராய நெடி.

இன்னொன்று: அந்த அறையில் கூடவே என்ன இருக்கிறது?

#18 கோவை மண்டி | 21 ஆகஸ்ட், காலை 9.15

ஆப்பிள்தான். வேற என்ன.

#19 பழக்கிடங்கு | 21 ஆகஸ்ட், மதியம் 2.00

அப்படியென்றால் இரண்டு அடி சேர்ந்து விழுகிறது. கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகம் தரும் அளவு: 20 டிகிரியில் 1 பிபிஎம் எத்திலீன் பட்டால் ஆறே நாளில் பழம் விற்க முடியாத அளவு இளகும், 10 பிபிஎம் பட்டால் இரண்டு நாளில். ஆப்பிள் அடுக்கிய மூடிய அறையில் அந்த அளவு சர்வ சாதாரணம். அறையைப் பிரிக்க முடியாவிட்டால் பெட்டிக்குள் பொட்டாசியம் பர்மாங்கனேட் பொட்டலம் வையுங்கள். கெட்டியான கரைசலில் செங்கல் துண்டையோ வெர்மிகுலைட்டையோ ஊறவைத்து உலர்த்தி, காற்றுப் போகும் துணிப் பையில் கட்டுவது. ஊதாவாக இருக்கும் வரை வேலை செய்யும், பழுப்பானால் மாற்றுங்கள், பழத்தில் நேரடியாகப் படக்கூடாது. வெளியிலிருந்து வரும் எத்திலீனைத்தான் இது பிடிக்கும். தொப்பி வாடிச் சதைக்குள்ளேயே உண்டாகும் எத்திலீனுக்கு இது பயன்படாது, அதற்கு #14-ல் உள்ள உறைதான்.

பெரிய அளவில் செய்பவர்கள் 1-எம்சிபி வாயுவைப் பயன்படுத்துகிறார்கள். எத்திலீனைப் பழம் உணரும் இடங்களை அது முன்கூட்டியே அடைத்துவிடும். அரை முதல் ஒரு பிபிஎம், 20 டிகிரியில் 24 மணி. துவர்ப்பு நீக்கும் வாயு அறையிலேயே சேர்த்துச் செய்யலாம். இளக ஆரம்பித்த பழத்துக்குப் போட்டுப் பயனில்லை.

#20 ஜாம் அடுப்பு | 24 ஆகஸ்ட், மாலை 4.30

கோத்தகிரித் தம்பி அனுப்பின கெட்டிப் பழம் ரெண்டு கிலோ. பச்சையா தின்னும்போது ஒரு துளி துவர்ப்பு இல்ல. ஜாம் கிளறினேன், துவர்ப்பு திரும்ப வந்துடுச்சு! பழம் மாறிப்போச்சோன்னு சந்தேகம் வந்து மிச்சத்தைக் கடிச்சுப் பார்த்தேன், இனிப்பா இருக்கு.

#21 பழக்கிடங்கு | 24 ஆகஸ்ட், இரவு 8.15

பழம் மாறவில்லை அக்கா. #2-ல் சொன்னதை நினைவில் வையுங்கள்: டானின் வெளியே போகவில்லை, கரையாத நிலையில் உள்ளேதான் இருக்கிறது. கொதிக்க வைத்தால் அந்தப் பிணைப்பு அவிழ்ந்து மறுபடி கரையும். வாயு முறை, சாராய முறை எதில் செய்த பழமானாலும் அடுப்பில் ஏற்றினால் இந்த ஆபத்து உண்டு. ஜப்பானிலும் சமையல்காரர்களுக்கு இது தெரிந்த தொல்லை.

ஜாமுக்கு ஃபூயூ வகைதான் பாதுகாப்பு. அதில் ஆரம்பத்திலேயே டானின் குறைவு. கூம்புப் பழம்தான் கையில் இருக்கிறது என்றால் அடுப்பில் வைக்காமல் பயன்படுத்துங்கள்: கூழாக அரைத்து உறையவைத்து ஐஸ்கிரீம், லஸ்ஸி. பாலின் புரதம் மிச்சம் மீதித் துவர்ப்பையும் பிடித்துக்கொள்ளும். முழுத் தொகுதியையும் கிளறும் முன் இரண்டு ஸ்பூன் கூழைக் கொதிக்கவிட்டு ஆறியதும் நக்கிப் பாருங்கள், அதிலேயே தெரிந்துவிடும்.

வற்றல் போடுவதென்றால் துவர்ப்பு நீக்க வேண்டியதே இல்லை, தோல் சீவிய துவர்ப்புக் காயே காயும்போது இனிப்பாகும். ஆனால் தொடக்கத்தில் சூடு 40 டிகிரியைத் தாண்டக்கூடாது. மலை ஈரத்தில் கயிற்றில் தொங்கவிட்டால் பூஞ்சை பிடிக்கும், மின் உலர்த்தி வேண்டும்.

#22 தேகு மாணவன் | 25 ஆகஸ்ட், காலை 5.30

கொரியாவிலிருந்து எழுதறேன். இங்க பக்கத்துல சோங்டோ ஊர்ல விதையே இல்லாத தட்டைப் பெர்சிமன் விளையுது. இவங்க கூழா இளகின பழத்தைத்தான் விரும்பி வாங்குறாங்க, ஒவ்வொண்ணும் தனிக் குழியில உட்கார்ந்த பிளாஸ்டிக் தட்டுல. உறையவெச்சு ஐஸ் மாதிரியும் திங்கிறாங்க. கூழ்ப்பழம்னா மட்டம்னு நினைக்க வேண்டாம்.

#23 பழக்கிடங்கு | 25 ஆகஸ்ட், காலை 9.00

இது முக்கியமான திருத்தம். கெட்டிப் பழம்தான் உயர்வு என்று இந்த இழை போய்விடக்கூடாது. கூம்பு ரகம் முழுக்க இளகித் தோல் கண்ணாடியாக மின்னும்போது அதன் வாசனையும் இனிப்பும் கெட்டிப் பழத்துக்கு வராது. ஆனால் அதைக் கட்டுப்பாட்டோடு செய்ய வேண்டும்: மூடிய அறையில் எத்திலீன் வாயு 100 பிபிஎம்முக்குள், 20 டிகிரி, ஒரு நாள். பிறகு அறையைத் திறந்து காற்று மாற்ற வேண்டும், கார்பன் டை ஆக்சைடு ஒரு சதவீதத்தைத் தாண்டினால் எத்திலீன் சரியாக வேலை செய்யாது. எல்லாப் பழமும் ஒரே நாளில் இளகும், தட்டில் அடுக்கி விற்கலாம். வீட்டில் ஐந்தாறு பழம் என்றால் வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டால் போதும். தொப்பி உடைந்த காய்களுக்கு இதுதான் நல்ல வழி.

துவர்ப்பு இருக்கும்போதே வெறும் வயிற்றில் நிறையத் தின்பது ஆபத்து. டானின் வயிற்றமிலத்தில் கட்டிபட்டுக் கல்லாகி அடைத்துக்கொண்ட நோயாளிகளை மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

#24 ஜாம் அடுப்பு | 25 ஆகஸ்ட், மதியம் 3.20

இந்தத் துவர்ப்பைப் பத்திப் படிக்கும்போது பனிச்சங்காய் ஞாபகம் வருது. மீன்பிடி வலைக்கும் படகுக்கும் அதோட சாறு பூசுவாங்களே, அதுவும் இதே சாதியா?

#25 பழக்கிடங்கு | 25 ஆகஸ்ட், இரவு 9.30

ஒரே பேரினம் அக்கா. பனிச்சை, பீடி இலை மரம், கருங்காலி, பெர்சிமன் எல்லாம் டயோஸ்பைரஸ். பச்சைக் காயின் டானின் நூலில் ஏறிக் காய்ந்தால் நீர் புகாது, சீக்கிரம் மக்காது. ஜப்பானிலும் பச்சைப் பெர்சிமனைப் பிழிந்து, புளிக்கவைத்து, வலைக்கும் குடைத்தாளுக்கும் பூசினார்கள். பிஞ்சு உதிரும் தோட்டத்தில் அதை வீணாக்க வேண்டாம்.

#26 கோத்தகிரி தோட்டம் | 2 செப்டம்பர், காலை 6.45

அடுத்த பறிப்பு இந்த வாரம். சென்னைக்கு ராத்திரி பஸ்ல போடணும். அட்டைப்பெட்டியில எப்படி அடுக்கறது? டிரம்ல வைக்கறதுக்கு முன்னாடியே கழுவித் துடைச்சு ரகம் பிரிச்சுடலாமா, அப்புறமாவா?

#27 பழக்கிடங்கு | 2 செப்டம்பர், காலை 7.30

தரம் பிரிப்பதைத் துவர்ப்பு நீக்கும் முன்பே மென்மையாகச் செய்துவிடுங்கள். அடி பட்ட பழம் வாயுவில் இருந்து வந்தால் அடிபட்ட இடம் உள்ளே பழுப்பாகும், ரோஹோ பிரியாந்தேயில் ஸ்பெயின்காரர்கள் பெரும் நட்டம் பார்த்தது இதில்தான். உருட்டக்கூடாது, கிரேட்டிலிருந்து கிரேட்டுக்குக் கொட்டக்கூடாது. கழுவ வேண்டாம், தொப்பிக்கு அடியில் தண்ணீர் தங்கினால் கறுப்புப் புள்ளி வரும். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

டிரம்மிலிருந்து எடுத்து இரண்டு நாள் கழித்து, தாளில் பதிவு எடுத்துப் பார்த்த பிறகே பெட்டியில் போடுங்கள். ஒரு அடுக்கு, அதிகம் போனால் இரண்டு. கூம்புப் பழத்தைப் படுக்க வையுங்கள், நுனி எதையும் குத்தக்கூடாது, நுனிதான் முதலில் நசுங்கும். இடையில் நுரைவலை உறை. காய்ந்த தொப்பி இதழ் பக்கத்துப் பழத்தைக் கீறும், அதனால் தொப்பிகள் எல்லாம் ஒரே திசை பார்க்கட்டும். பெட்டிக்குள் துளையிட்ட பாலிதீன். பஸ் டிக்கியில் இஞ்சின் பக்கம் வைக்க விடாதீர்கள். வாங்குபவருக்குப் பெட்டி மேலேயே எழுதிவிடுங்கள்: "பிரிட்ஜில் வைக்க வேண்டாம், ஆப்பிள் வாழையோடு வைக்க வேண்டாம், வேகவைக்க வேண்டாம்."

#28 கோத்தகிரி தோட்டம் | 2 செப்டம்பர், காலை 7.40

எழுதிடறேன் சார். அட்டைப்பெட்டி அளவு?

#29 பழக்கிடங்கு | 2 செப்டம்பர், காலை 7.55

5 கிலோவுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் சுமை தூக்குபவர் கையால் இறக்காமல் போட்டுவிடுவார். பக்கத்துக்கு இரண்டு துளை, மேலே கீழே வேண்டாம்.